உள்மூச்சு

அந்தக் குஷன் கடையிலும் அதன் மாடியில் இருந்த கராத்தே கூடத்திலும் ‘வலிக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. அப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. இரண்டையும் நடத்திய மாஸ்டரும் அதை ஒருநாள்கூடக் கட்டளையாகச் சொன்னதில்லை. கடை தொடங்கிய புதிதில், பேருந்து இருக்கை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தபோது வளைந்த ஊசி அவருடைய கட்டைவிரல் நகத்தின் அடியில் ஏறிவிட்டது. அவர் ஊசியை உருவினார். ஒரு துணிக் கிழிசலை விரலில் சுற்றினார். மிச்சத் தையலை முடித்து நூலை அறுத்த பிறகுதான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். பார்த்தவர்கள் சிலர்தான். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் அந்த வீட்டுப் பேச்சிலிருந்து தானாகவே கழன்றுகொண்டது. கடையில் தையல் மெஷினில் உட்காரும் அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியில் கை பட்டால், “சூடு பட்டுடுச்சு” என்பாள், அதோடு சரி. மகளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிய வாரம், “இந்தப் பக்கம் மெல்ல முடியல” என்று சொல்லி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்றாள். மாடியில் அடி வாங்கியவர்கள், “ஒண்ணுமில்ல மாஸ்டர்” என்றார்கள். அவர் கேட்பார், “என்னாச்சு?” அவர்கள் சொல்வார்கள், “ஒண்ணுமில்ல.” வணக்கத்துக்குப் பதில் வணக்கம் போல.

ஆகவே விலா எலும்பு முறிந்து முழந்தாளிட்டு விழுந்தபோது, மாஸ்டரின் மைத்துனர் வாயிலிருந்து முதலில் வந்ததும் அந்த ‘ஒண்ணுமில்ல’தான்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டிருந்தது. மாடிக்குத் தகரக் கூரை. மழை இறங்கினால் கூடத்தில் இருப்பவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டும். மைத்துனர் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர். குரலின் பருமன் காரணமாகத் தெருவில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். ஒரு வருடமாகத் தொலைவழித் தடத்தில் போட்டிருந்தார்கள். கூடத்துப் பக்கமே வர முடியவில்லை. தடம் மாறி ஊரோடு வந்த முதல் மாலையே, நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு வரிசையில் வந்து நின்றார். “ஒரு வருஷமா உக்காந்தே இருந்துட்டேன் அத்தான். நீங்க தச்ச சீட்டுதான், முதுகு பழுதாகல. தட்டிப் பாத்துக்கங்க” என்றார். வரிசை சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. நகைச்சுவை பிடிக்காதவர் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

அன்று செய்தது சான்ச்சின். எதிரி இல்லாமல் தனியாக நின்று, வகுத்த வரிசைப்படி செய்துகாட்டும் அசைவுகளைக் கராத்தேயில் கட்டா என்பார்கள். அவற்றில் பார்வைக்கு மிக எளியது சான்ச்சின். பாதங்களை உள்நோக்கித் திருப்பித் தரையைக் கவ்வி நிற்க வேண்டும். முன்னே சில அடிகள், ஒரு திரும்பல், மறுபடி சில அடிகள். குத்துகள் எல்லாம் தண்ணீருக்குள் குத்துவதுபோல மெதுவானவை. வித்தை முழுவதும் மூச்சில் இருக்கிறது. மூக்கால் அடிவயிறு வரை இழுக்கும்போது உடம்பு தளர வேண்டும். வாயால் உரக்க விடும்போது பாதத்திலிருந்து கழுத்து வரை இறுக வேண்டும். இறுக்கம் மட்டும் இருந்தால் அது கட்டை. தளர்ச்சி மட்டும் இருந்தால் அது துணி. ஆசிரியர் பின்னால் சுற்றி வந்து, மூச்சு வெளியேறி முடியும் கணத்தில், தோளிலும் விலாவிலும் தொடையிலும் உள்ளங்கையால் அறைந்து சோதிப்பார். இறுகிய உடம்பில் அந்த அறை கதவைத் தட்டியதுபோல ஒலித்து அடங்கும். உள்மூச்சில் விழுந்தால் அதே அறை உடம்புக்குள் போய்விடும். ஆகவே சோதிப்பவருக்குக் கையைவிடக் காதுதான் முக்கியம். முன்னால் நிற்பவரின் மூச்சைக் கேட்டுத்தான் அந்தக் கை எழ வேண்டும்.

மாஸ்டரின் இரு கைகளும் மைத்துனரின் விலாவில் இறங்கின. நாற்காலிச் சட்டத்தில் காய்ந்த மரம் பிளக்கும்போது வருவது போன்ற சத்தம். தகரத்தில் கொட்டிய மழையையும் மீறி, கடைசி வரிசையில் நின்றவருக்குக்கூட அது கேட்டது. கூடமே உறைந்தது. மாஸ்டர் மட்டும் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார்; அங்கே நின்ற போஸ்ட்மேனின் தோளுக்குக் கையை ஓங்கிய பிறகுதான், போஸ்ட்மேனின் கண்கள் போன திசையில் திரும்பிப் பார்த்தார்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல அத்தான்” என்றார் ஹாரன். அந்தப் பெயருக்குரிய குரல் அதில் இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

“உடம்ப விட்டுட்ட. ஒரு வருஷம் வராம இருந்தா இப்படித்தான்” என்றார் மாஸ்டர்.

பிறகு படியிறங்கும்போது, மழைச் சத்தம், மாஸ்டருக்கு மூச்சு கேட்டிருக்காது என்று ஒருவர் முணுமுணுக்க, ஆமாம், மழைதான் என்று எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் ஹாரன் மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார். பணியிலிருந்த டாக்டர் அம்மா சட்டையை விலக்கிப் பார்த்தார். விரல் அடையாளம் விட்டுப்போகும் மாடிப்படியைத் தாம் இதுவரை பார்த்ததில்லை என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய அக்காவின் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மாஸ்டரின் மனைவியான அந்த அக்கா தரையைப் பார்த்தாள். எலும்பின் முனை நுரையீரலைத் தொட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் பேச்சே இருந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாலை அக்கா தம்பியின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏன்டா உடம்ப விட்ட?” என்று அவள் கேட்டாள்.

அவர் மேற்கூரையைப் பார்த்தபடி மெல்லப் பேசினார். “நான் விடலக்கா. மூச்ச இழுத்துக்கிட்டிருந்தேன். இழுக்கும்போது தளரணும். அவர்தானே சொல்லிக்கொடுத்தார்? சரியாத்தான் செஞ்சேன்.”

“அப்ப மத்தவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?”

“அதத்தான் நானும் போஸ்ட்மேன்கிட்ட கேட்டேன். காலையில வந்திருந்தான். அழுதுட்டான்க்கா.” அவர் நிறுத்தி, மூச்சைச் சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொண்டார். “அவங்க யாரும் இப்பல்லாம் தளர்றதே இல்லையாம். அத்தான் நிழல் பக்கத்துல வந்தா இறுக்கிடறாங்க, மூச்சு உள்ள போனாலும் வெளிய வந்தாலும். ரொம்ப நாளா அப்படித்தானாம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கக்கூட இல்ல. தானா எல்லாருக்கும் வந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. நான் ஊர்லயே இல்லையே.”

கணவருக்குக் காது மந்தம் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு ஏற்றபடி அவளும் தன்னை மாற்றிக்கொண்டிருந்தாள்: முன்னால் போய் நின்று பேசுவது, கதவைத் தட்டாமல் விளக்கைப் போட்டு அணைப்பது. கடைக்கு வருகிறவர்கள் கேட்பதை, அளவு நாடாவை நீட்டியபடி அவளே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுவாள். அது ஒரு வீட்டுச் சங்கதி என்று நினைத்திருந்தாள். ஒரு கூடமே அதைச் சுற்றித் தன் உடம்பைப் பொய்யாகக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தப் பொய்யை அறியாமல், சரியாகச் செய்தவன் ஒருவன்தான். அவன்தான் கட்டிலில் கிடக்கிறான்.

“நீயாவது சொல்லேன்டா அவர்கிட்ட.”

“நானா?” தம்பி சிரிக்கப் பார்த்து, சிரிப்பு விலாவில் குத்த, கண்ணை மூடிக்கொண்டார். “அடிக்கிற கைதான் அணைக்கும்னு அம்மா சொல்லுமே. அணைச்சா இப்ப செத்துடுவேன். கட்டு பிரிக்கட்டும், அப்பறம் பாக்கலாம். அவர்கிட்டப் போய்ச் சொல்றது, செவிடன் காதுல…” பழமொழியின் மிச்சத்தை அவர் விழுங்கிக்கொண்டார். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

மறுநாள் கடையில் ஒரு சோபாவின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பழைய துணியை உரித்து, ஸ்பிரிங்கின் மேல் கோணியும் நாரும் வைத்து, அதன் மேல் ஃபோம் ஒட்டியிருந்தார்கள். உட்காரும் இடத்தை மாஸ்டர் உள்ளங்கையால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். இந்த வேலையைச் செய்யும்போது அவர் எப்போதும் கண்களை மூடிக்கொள்வார். ஓர் இடத்தில் கை நின்றது. ஃபோமைத் தூக்கி, ஒரு பிடி நாரை எடுத்துவிட்டு, மறுபடி அழுத்தினார். அந்தக் கை எத்தனை மென்மையாக இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. அதே கைதான்.

அவள் மெஷினை மிதித்தாள். அதன் சக்கரம் எண்ணெய் இல்லாமல் சில நாட்களாகவே அலறிக்கொண்டிருந்தது; எதிர்க் கடைக்காரர் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். தையலே இல்லாமல், வெறுமனே மிதித்தாள். பல்லைக் கூச வைக்கும் அலறல். மாஸ்டர் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அவள் எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். “உங்க காது போச்சுங்க” என்றாள். சுத்தியல் ஓர் ஆணியை இறக்கியது. “நீங்க அடிச்ச நேரம் தப்பு. அவன் சரியாத்தான் செஞ்சான். கேக்குதா?” அடுத்த ஆணி. சொல்லவே முடியாது என்று நினைத்ததைச் சொல்லிவிட்டாள், சொல்லாததுபோலவே ஆயிற்று. அவர் திரும்பி, அவள் நிற்பதைக் கண்டு லேசாகத் திடுக்கிட்டு, “நூல் கண்டு தீந்துடுச்சா?” என்றார். அவள், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, தீராத நூல்கண்டை மாற்றப் போனாள்.

அன்றிரவுச் சாப்பாட்டில் அவித்த முட்டையும் பருப்பும் ரொட்டியும் இருந்தன. மகள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். எந்த வண்டி எந்த மேடையில், எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் அவள் சொல்வது, காற்று இந்தப் பக்கம் அடித்தால், குஷன் கடை வாசலில் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். வாடிக்கையாளர்கள் சிலர் அதைக் கேட்டுவிட்டுத்தான் கடையிலிருந்து கிளம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குக் கறுப்புப் பட்டைத் தேர்வு. அதற்குப் பிறகு கூடத்தில் பாதி வகுப்பை அவள் எடுக்கலாம். அதற்காகத்தான் இத்தனை வருடம் மாலை வேலை முடிந்து மாடியேறினாள். சான்ச்சினில் சோதிப்பவர், வேறு யார், அப்பாதான்.

மைத்துனரின் உடல்நிலை பற்றி மாஸ்டர் விசாரித்தார். தேறுவான் என்று மனைவி அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவர் ரொட்டியைப் பிய்த்தபடி, தப்பு தன்மேல்தான் என்றார். இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள்.

“கொஞ்ச நாளா எல்லாரும் மரக்கட்டையா நிக்கிறாங்க. மூச்சே ஓடல உடம்புல. நான் இதமா தட்டினதுதான் காரணம். இனிமே கைய நல்லா இறக்கணும். அப்பத்தான் எது இறுக்கம் எது தளர்ச்சின்னு உடம்புக்குத் தெரியும்.” பிறகு, ஞாபகம் வந்தவராக மகளைப் பார்த்தார். “ஆமா, உங்க நிலையத்துல மைக் ரிப்பேரா? நீ கூப்பிடுறதே கேக்கறதில்லையே. குளிர்காலத்துல இருந்தே. சொல்லிச் சரி பண்ணச் சொல்லக்கூடாதா?”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி பருப்புக்குள் நின்றது. மகள் வாயைத் திறந்தாள். அவர் பதிலுக்காக அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்ப்போடு, கொஞ்சம் பெருமையோடு. காலையிலிருந்து மாலை வரை அவள் அந்த மைக்கின் முன்தான் உட்கார்ந்திருந்தாள்.

“சொல்றேன்ப்பா” என்றாள்.

தட்டு கழுவும்போது அம்மாவும் மகளும் தோளோடு தோள் நின்றார்கள். குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. ஆனாலும் தாழ்த்தியே பேசினார்கள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மகளுக்கு அதில் புதியது எதுவும் இல்லை. அவளும் நிழலைப் பார்த்து இறுக்கிக்கொள்பவள்தான்.

“ஞாயித்துக்கிழமையும் அப்படியே நின்னுடு. கட்டையா நிக்கிறேன்னு திட்டினா திட்டட்டும்” என்றாள் அம்மா.

“அப்படிப் பட்டை வாங்கினா நாளைக்கு நான் என்னம்மா சொல்லிக்கொடுப்பேன்? அப்பா நிழல் வந்தா பயப்படுங்கன்னா?”

“உங்க மாமா கிடக்கிறத பாத்தியா இல்லையா?”

“பாத்தேன்.”

“அப்ப நேரா போய் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடு.”

“நீ சொல்லேன்” என்றாள் மகள். அம்மா ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் கூடம் மூடப்படும். சோபாவும் சுத்தியலும் மட்டும் மிஞ்சிய ஒரு மனிதர் இந்த வீட்டில் எங்கே உட்காருவார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மகளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டு மழை இல்லை. வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது; பேருந்து நிலையத்தில் விடுமுறை நாள் அமைதி; கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. பழி போட எந்தச் சத்தமும் இல்லை. மாணவர்களின் குடும்பங்கள் சுவரோரப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தன. ஹாரன் மார்பில் கட்டோடு வந்து, ஒருக்களித்து உட்கார்ந்தார். டாக்டர் படியேறக் கூடாது என்றாராம். எந்தப் படி என்று அவர் சொல்லவில்லையே என்று போஸ்ட்மேனிடம் சொல்லிச் சமாளித்தார். போஸ்ட்மேன் சிரிக்கவில்லை. மாஸ்டரின் மனைவி உள்ளே வராமல், வாசற்படியில், கழுத்தில் அளவு நாடா தொங்க நின்றாள். எத்தனையோ வருடங்களில் அவள் அந்தப் பாயில் கால் வைத்ததில்லை.

மகள் நடுவில் வந்து வணங்கி நின்றாள். போஸ்ட்மேன் அவளைப் பார்த்துத் தன் தாடையை இறுக்கிக் காட்டினார்: இறுக்கிக்கொள். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பார்வையை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோய்விட்டாள்.

முதல் மூச்சை இழுத்தாள். மூக்கின் வழியே அது இறங்கியது கூடம் முழுவதும் கேட்டது. அவளுடைய தோள் தாழ்ந்தது, விலா விரிந்தது, கழுத்து நரம்பு மறைந்தது. அவள் தளர்ந்துவிட்டாள் என்பதை வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் கண்டார்கள். அந்தக் கூடத்தில் அவர்கள் மறந்துபோயிருந்த ஒன்றை ஒருத்தி வெட்டவெளிச்சத்தில் செய்கிறாள். யாரோ பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு வெளிமூச்சு, உரக்க, தரையை உரசிக்கொண்டு வருவதுபோல. முட்டி மெதுவாக முன்னே போய் நின்றது. உடம்பு பாதத்திலிருந்து பூட்டிக்கொண்டது. அந்தக் கணம் மாஸ்டரின் கைகள் தோளில் விழுந்தன. கதவைத் தட்டிய ஒலி. சரியான நேரம். அடுத்ததும் சரியாகவே விழுந்தது. மாஸ்டரின் முகத்தில் நெடுநாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. நார் அளவாக இருக்கும் இருக்கையை அழுத்தியவர் போல.

அவர் கேட்கவில்லை, மனத்துக்குள் தாளம் போட்டுக்கொண்டு அடிக்கிறார் என்பது வாசலில் நின்றவளுக்கு விளங்கியது. அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. மகளின் மூச்சோ ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போனது; அது நீள வேண்டியதுதான், கட்டா அப்படித்தான் ஆழப்படும்.

திரும்பல் முடிந்தது. மகளின் முதுகு இப்போது வாசலுக்கு நேராக இருந்தது. அதன் பின்னால் அப்பா. அவள் மூச்சை இழுக்கத் தொடங்கினாள். அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் உதடு நின்றது. கைகள் எழுந்தன.

“நிறுத்துங்க” என்றாள் அம்மா. “அவ இன்னும் இழுத்துக்கிட்டிருக்கா.”

கத்தவில்லை. கத்த அவசியமில்லாத அமைதி அது. பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் தூங்கிய ஒரு குழந்தைகூட விழித்துப் பார்த்தது. திரும்பாத தலை ஒன்றே ஒன்றுதான். எல்லாருக்கும் தெரிந்திருந்தது; ஆனாலும் கண்ணால் கண்டபோது அதை யாராலும் தாங்க முடியவில்லை. போஸ்ட்மேன் பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். ஹாரனின் வாய் திறந்தபடி இருந்தது; குரல் வரவில்லை.

கைகள் இறங்கின.

ஈரச் சாக்கில் அடித்ததுபோல ஒரு மொத்தென்ற ஒலி. மகளின் வலது கால் நிலையை விட்டுப் பாயில் ஓரடி வழுக்கியது. சான்ச்சினில் கால் நகரக் கூடாது. அவள் விழவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காற்று திரும்பி வரும்வரை நின்றாள். அம்மா செருப்போடு பாயின் மேல் வந்திருந்தாள். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் முதலில் மகளின் காலைப் பார்த்தார். பிறகு பெஞ்சுகளைப் பார்த்தார். ஏன் எல்லாரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்? வாசலைப் பார்த்தார். பாயின் மேல் நின்ற மனைவியை, அவளுடைய வாயை, அது சற்றுமுன் எதையோ சொல்லி முடித்த கோலத்தில் இருந்ததைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பற்றிக்கொள்ள ஒன்று வேண்டியவர்போல, பழகிய கேள்வியிடம் போனார்.

“என்னாச்சு?” என்றார் மகளிடம்.

கூடம் அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தது. எல்லாருடைய உதட்டிலும் அது தயாராக இருந்தது. அவள் சொல்லியிருந்தால் அவர்களும் கூடவே சொல்லியிருப்பார்கள்.

அவள் நிமிர்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்தாள். சற்றுமுன் அடித்த கை. விரல்கள் இன்னும் விறைத்திருந்தன. அதைத் தன் விலாவின் மேல் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். விலா அந்தக் கையின் அடியில் விரிந்தது, விரிந்துகொண்டே போனது, பாதியில் வெட்டி நின்று மறுபடி விரிந்தது. அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. வெளியே விட்டாள், இறுகியது. மறுபடி இழுத்தாள். இந்த முறை அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து அவள் விலாவோடு படிந்தன.

அவர் கண் திறக்கும்வரை அவள் காத்திருந்தாள். திறந்ததும், அவர் பார்வை தன் வாய்க்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு, ஊருக்கே வண்டிகளை அழைக்கும் அந்த வாயால், குரலை உயர்த்தாமல், ஒவ்வோர் எழுத்தையும் அவர் பார்க்கும்படி திறந்து சொன்னாள்:

“வலிக்குதுப்பா.”